இடது கை மட்டும்

பூப்பந்தாட்டத்தில் ஐந்து பேர் களத்தில் இறங்க வேண்டும். எங்கள் காலேஜ் அணியில் நான்கு பேர் ஆடுவார்கள். ஐந்தாவதாக நான் நிற்பேன். என் இடம் பின்வரிசை. பந்து எந்தப் பக்கம் வந்தாலும் ‘என்னுது’ என்று கத்துவது என் வழக்கம். கத்தியதும் மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள், பந்து என் காலடியில் வந்து விழும், நானும் அதைப் பார்ப்பேன். எங்கள் கேப்டன் சுவேதா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். நான் கத்தினால் அது அவள் ஓடிவந்து அடிக்க வேண்டிய பந்து என்று வைத்துக்கொண்டாள். இந்த ஏற்பாட்டோடுதான் மாநில அளவில் கல்லூரி அணிகளுக்கான கோப்பையை வென்றோம். யார் அடிக்கப்போகிறார்கள் என்பது எதிரணிக்குக் கடைசிவரை தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை.

கோப்பையோடு எடுத்த படம் மறுநாள் பேப்பரில் வந்தது. மாற்று ஆட்டக்காரர்களோடு சேர்த்துப் பத்துப் பேர் நின்ற படத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். ஓரத்தில் நின்ற என்னை இடம் போதவில்லை என்று வெட்டிவிட்டார்கள். ஆவடியில் எங்கள் ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்க அன்றைக்குப் பேப்பர் வாங்கச் சொல்லிவைத்திருந்தேன். யுவராணி என்று பெயரை வைத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய் ‘இந்த ஓரத்துக்கு அந்தாண்டதான் நான் நிக்கிறேன்’ என்று விரலை வைத்துக் காட்டிய அவமானம் எனக்குத்தான் தெரியும். அதனால், மாவட்ட நிர்வாகம் பாராட்டு விழா நடத்துகிறது, அமைச்சர் கையால் பதக்கம் என்று சேதி வந்தபோது எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. இந்த முறையாவது படத்தில் இருக்க வேண்டும்.

சேதியோடு ஒரு சுற்றறிக்கையும் வந்தது. எங்கள் விளையாட்டு ஆசிரியை ரேவதி மேடம் அதை மைதானத்தில் வைத்து வாசித்தார். அணியினர் அனைவரும் தங்கள் கல்லூரி நிறத்தில் கோட் அணிந்து வர வேண்டும். கோட் இல்லாத அணிக்கு மேடையேற அனுமதி இல்லை. விழாவுக்குப் பதினொரு நாள் இருந்தது. காலேஜ் நிர்வாகம் வாழ்த்து தந்தது, கோட் தரவில்லை. பக்கத்தில் பாடி ஏரியாவில் வாடகைக்குக் கோட் கொடுக்கும் கடை ஒன்றில் சுவேதா விசாரித்திருந்தாள். அங்கே இருந்தவை எல்லாம் மாப்பிள்ளைக் கோட்டுகள், கழுத்திலிருந்து இடுப்புவரை ஜிகினா. டெய்லர்களோ கல்யாண சீசன் என்று கையை விரித்துவிட்டார்கள். எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் நான் வாயைத் திறந்தேன்.

“எங்க அம்மா தெப்பாங்க. பத்து கோட்டும்.”

இது நான் புதிதாகக் கட்டிய கதை இல்லை. அம்மா, ராணுவ யூனிஃபார்ம் தைக்கிற ஃபாக்டரியில் டெய்லர். ‘எங்க அம்மா பட்டாளத்துக்கே கோட்டு தெக்கிறவங்க’ என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து சொல்லிவருகிறேன். வகுப்பு ஏற ஏற அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டவர்களின் பதவியும் ஏறியது. காலேஜுக்கு வந்து சேர்ந்தபோது ஜெனரல்வரை போயிருந்தேன். அதற்கு மேல் பதவி இருந்திருந்தால் அதையும் கொடுத்திருப்பேன்.

சுவேதா சந்தேகப் பிராணி. “முழுக் கோட்டும் உங்கம்மாவே தெப்பாங்களா?” என்று கேட்டாள்.

“பின்ன, பாதிக் கோட்டா தெப்பாங்க?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ரேவதி மேடம் அப்போதே சுற்றறிக்கையின் ஓரத்தில் ‘கோட் — யுவராணி’ என்று எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா ஷிஃப்ட் முடிந்து வந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பத்துக் கோட்டு, பதினொரு நாள், அமைச்சர் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் கீரையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“எனக்கு கோட்டு தெக்கத் தெரியாதுடி,” என்றாள். “நான் இடது கை மட்டும்தான்.”

பிறகு அவளே விளக்கினாள். ஃபாக்டரியில் ஒரு கோட்டை ஒரே ஆள் தைப்பதில்லை. ஒருவர் காலர், ஒருவர் பாக்கெட், ஒருவர் தோள் என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். துணி ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும். வேலைக்குச் சேர்ந்த நாளில் அம்மாவை இடது கை மெஷினில் உட்கார வைத்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவள் இடது கையைத் தைத்து உடம்போடு சேர்த்துக்கொண்டிருக்கிறாள். வலது கைக்கு வேறு ஆள் உண்டு. ஒருமுறை அவர் லீவு போட்டபோது அம்மாவை அங்கே மாற்றி உட்கார வைத்திருக்கிறார்கள். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்த மாதிரி இருந்ததாம். பாதிக் கோட்டு என்று கேலி செய்தேனே, கணக்குப் பார்த்தால் எங்கள் வீட்டில் கால் கோட்டுகூட இல்லை.

இத்தனை வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று அம்மாவிடம் பாய்ந்தேன். தப்பு என்னுடையது என்று தெரிந்தால் எனக்குக் கோபம் கூடுதலாக வரும்.

“நீ எப்ப கேட்ட?” என்றாள். “நீதான் ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்ச. சரி, பெத்த தாயப் பத்தி பெருமையாத்தான பேசுதுன்னு வுட்டுட்டேன்.”

காய்ச்சல் வந்ததாகச் சொல்லலாமா, அம்மாவுக்குக் கையில் ஊசி ஏறிவிட்டதாகச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். கோட்டு இல்லாவிட்டால் பத்துப் பெண்களையும் மேடை ஏற விடமாட்டார்களா என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். எல்லாம் உன் வாயாலா என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன். அவள் ஆய்ந்த கீரையைத் தண்ணீரில் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

குவார்ட்டர்ஸில் ஒரு முழுக் கோட்டு துண்டு துண்டாகக் குடியிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தோள் தைக்கும் பொன்னியம்மா அத்தை எதிர் பிளாக்கில் இருந்தாள். பாக்கெட் தைக்கும் பச்சையப்பன் மாமா எங்களுக்கு மேல்மாடி. காஜா எடுக்கும் சுலைமான் பாய் ரிட்டயராகி நாலு வருஷம் ஆகியும் பக்கத்துத் தெருவை விட்டுப் போகவில்லை. கட்டிங், காலர், லைனிங், வலது கை எல்லாம் அங்கங்கே ஒரு வீட்டில் இருந்தன. ஒரு வேளை சமைக்கிற நேரத்துக்குள் அம்மா எல்லாக் கதவையும் தட்டிவிட்டு வந்துவிட்டாள். துணி எங்கள் பணத்தில் மார்க்கெட்டில் வாங்கியது, மெஷின் அவரவர் வீட்டு மெஷின். ஃபாக்டரியிலிருந்து ஒரு முழம் நூல்கூட இதில் சேரக் கூடாது என்று அம்மா கறாராகச் சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சமுதாயக் கூடத்தில் எட்டு மெஷின்களை ஃபாக்டரியில் இருக்கும் அதே வரிசையில் போட்டார்கள். அந்த வரிசை மாறினால் வேலை ஓடாதாம். எங்கள் அணியை வரச் சொல்லி நிற்க வைத்தார்கள். பொன்னியம்மா அத்தை டேப்பைத் தொடவே இல்லை. ஒவ்வொருத்தியையும் மேலும் கீழும் பார்த்துப் பட்டாள சைஸ் நம்பர் ஒன்றைச் சொன்னாள், கட்டிங்காரர் எழுதிக்கொண்டார். எனக்குச் சொன்ன நம்பர்தான் இருப்பதிலேயே சின்னது. அந்த அளவில் தைத்த கோட்டுக்குள்ளேயும் என்னோடு இன்னொரு ஆள் நுழைய இடம் இருந்தது.

சுவேதா எட்டு மெஷினையும் எண்ணிவிட்டு என் பக்கம் திரும்பினாள். உங்கம்மா தெப்பாங்கன்னு சொன்னியே என்றாள். அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரத்தில் அம்மா இடது கைத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மாதான் சூப்பர்வைசர்,” என்றேன். “இவங்கல்லாம் கூடமாட உதவிக்கு.”

அம்மா காதில் அது விழுந்தது. மெஷினில் தலையைக் குனிந்துகொண்டாள். நான் சொன்னதைத் திருத்தவில்லை. என் வாய் மூடியிருந்த சொற்பத் தருணங்களில் அதுவும் ஒன்று, மூடியிருக்கக் கூடாத தருணமும் அதுதான்.

மத்தியானம் முதல் கோட்டு முடிந்தது. நல்ல கோட்டு. மேஜையில் வைத்தால் ஆள் இல்லாமலே நிமிர்ந்து உட்கார்ந்தது. அரக்கு நிறம், ஒரு பிசிறு இல்லை. ஆனால் இரண்டு தோளிலும் பட்டி வைத்து உலோகப் பொத்தான் போட்டிருந்தது. முன்பக்கம் மூடி வைத்த பாக்கெட் நான்கு. ஒவ்வொன்றிலும் ஒரு வேளை சோற்றைக் கட்டி வைக்கலாம். சுவேதா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். நாம பூப்பந்து டீமா, பார்டருக்குப் போறமா என்று என்னைத்தான் கேட்டாள்.

நான் ஒவ்வொரு மெஷினாகப் போய்க் கெஞ்சினேன். பட்டி இல்லாமல் தோள் நிற்காது, இருபது வருஷத்தில் பட்டி இல்லாத தோளை என் கை தொட்டதில்லை என்று பொன்னியம்மா அத்தை சொல்லிவிட்டாள். நாலு பாக்கெட்டில் எதை எடுக்கிறது, எடுத்தால் நான் எதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்றார் பச்சையப்பன் மாமா. காஜாவைக் குறைக்கச் சொன்னதற்குச் சுலைமான் பாய் என்னைப் பார்த்த பார்வையில் நான் சலாம் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவரவர் துண்டை விட்டுக்கொடுக்க ஒருவரும் தயாராக இல்லை. யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. முழுக் கோட்டு எப்படி இருக்க வேண்டும் என்று யோசிப்பது அங்கே யாருடைய வேலையும் இல்லை.

அம்மா மட்டும் எழுந்து வந்து, எனக்குக் கோட்டை மாட்டிவிட்டு, இடது கையைத் தூக்கச் சொன்னாள். நீட்டு, மடக்கு, திருப்பு என்றாள். தோளில் சேருமிடத்திலிருந்து மணிக்கட்டுவரை விரலால் நீவிப் பார்த்தாள்.

“இத்தினி வருஷத்துல எத்தினி ஆயிரம் கை தெச்சிருப்பேன்,” என்றாள். “எந்தக் கைய யார் போட்டுகினு கீறாங்கன்னு இன்னிவரிக்கும் பாத்ததில்லடி.”

சூப்பர்வைசர் என்று சொன்ன நாக்கு எனக்கு உள்ளே கசந்தது. அப்போதும் நான் கோட்டு நல்லா இருக்கு என்று மட்டும் சொன்னேன்.

விழா சென்னீர்குப்பத்தில் ஹைவே ஓரத்து மண்டபம் ஒன்றில். ரேவதி மேடம் முன்னாடியே போய், கைக்குட்டையும் ஹேண்ட்பேக்கும் போட்டுப் பத்து நாற்காலி பிடித்து வைத்திருந்தார். நாங்கள் கோட்டும் தோள்பட்டியுமாக வேனிலிருந்து இறங்கி வாசலில் நின்றோம். ஒரு கார் வந்து நின்று, பார்க்கிங் எங்கே என்று என்னைக் கேட்டது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாததால் வலது பக்கம் கையைக் காட்டினேன். அடுத்த காருக்கும் காட்டினேன். ஆறாவது காரில் வந்த ஒருவர் எனக்குச் சல்யூட் வைத்தார். நானும் வைத்தேன்.

நெஞ்சில் பேட்ஜ் குத்திய ஒரு விழா அமைப்பாளர் இதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“இன்னாம்மா, இப்பத்தான் வர்றீங்க? உங்க செக்யூரிட்டி ஏஜென்சிய காலையிலேர்ந்து தேடிகினு கீறேன்,” என்று எங்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். சுவேதா விளக்கம் சொல்லப் பார்த்தாள். அவர் இரண்டு போன்களில் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார். எங்களை மேடைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு ஒரு பிடி கயிற்றைக் கையில் கொடுத்து, கூட்டத்தைப் பார்த்து நில்லுங்கள், அமைச்சர் இறங்கும்வரை விடக் கூடாது என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். மேடைக்குப் பக்கம்தானே, கூப்பிட்டவுடன் ஏறிவிடலாம், கயிற்றைப் பிடிங்கடி என்று அணிக்கு யோசனை சொன்ன அறிவாளி நான்.

அப்படியாக, மாநிலச் சாம்பியன்கள் பத்துப் பேரும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கயிறு பிடித்து நின்றோம். எதிரே நடுவரிசையில் ரேவதி மேடம் பத்துக் காலி நாற்காலிகளுக்குக் காவலாக உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் கோட்டை அவர் அதுவரை பார்த்ததில்லை, எங்களைச் செக்யூரிட்டி என்று நினைத்துத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போன்களோ வேனில் பையோடு கிடந்தன. முதுகுக்குப் பின்னால் கபடி போனது, கைப்பந்து போனது. ஒவ்வொரு அணிக்கும் கைதட்டல் கேட்டது.

“மகளிர் பூப்பந்தாட்டம், முதலிடம்,” என்று எங்கள் காலேஜ் பெயரை வாசித்தார் தொகுப்பாளர்.

சுவேதா கயிற்றை விட்டாள். பேட்ஜ்காரர் குறுக்கே வந்து கையை நீட்டினார். கயிற்றை விட்டால் கூட்டம் உள்ளே புகுந்துவிடும், அமைச்சருக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்றார். நாங்கதான் சார் அந்த டீம் என்று சுவேதா சொன்னாள். அவர் அவளுடைய தோள்பட்டியைப் பார்த்தார், பாக்கெட்டுகளைப் பார்த்தார், நம்பவில்லை. பூப்பந்து ஆடுகிறவர்கள் அப்படி இருக்க மாட்டார்கள் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. நியாயம்தான்.

தொகுப்பாளர் இரண்டாம் முறை அழைத்தார். நடுவரிசையில் ரேவதி மேடம் எழுந்து நின்று அழாக்குறையாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அணியினர் வரவில்லை போலிருக்கிறது, அடுத்ததாகச் சிலம்பம் என்று மைக் சொன்னது. என்னால்தான். ஒரு பொய்யால் கோட்டு வந்தது, கோட்டால் கயிறு வந்தது, கயிற்றால் எல்லாம் போகப்போகிறது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை, பின்வரிசையில் நிற்கும்போது எப்படிக் கத்துவேனோ அப்படிக் கத்தினேன்.

“என்னுது.”

மண்டபம் முழுக்கக் கேட்டது. பேட்ஜ்காரர் காதைப் பொத்தினார். சுவேதா பழக்க தோஷத்தில் ஓடினாள். இரண்டு வருஷமாக நான் கத்தினால் ஓடியவள், அன்றைக்கும் யார் தடுக்கிறார்கள் என்று பார்க்காமல் மேடைப் படிக்கு ஓடினாள். அவள் பின்னால் எட்டுப் பேர் ஓடினார்கள். நான் கடைசியாக ஓடினேன். கயிறு தரையில் விழுந்தது. கூட்டம் ஒன்றும் உள்ளே புகவில்லை, உட்கார்ந்தபடி எங்களை வேடிக்கை பார்த்தது. ரேவதி மேடம் நாற்காலிமேல் ஏறி நின்று அது எங்க பொண்ணுங்கதான், அது எங்க பொண்ணுங்கதான் என்று இரண்டு கையையும் ஆட்டினார்.

அமைச்சர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே பதக்கங்களை மாட்டினார். கடைசியாக என்னிடம் வந்தபோது கோட்டை மேலிருந்து கீழே பார்த்தார்.

“நல்லா கம்பீரமா இருக்கே. யாரும்மா தெச்சது?”

மைக் பக்கத்தில் இருந்தது. வரிசையில் சுவேதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து தயாராக வைத்திருந்த பதில் நாக்கு நுனியில் நின்றது.

“எங்க அம்மா சார்,” என்றேன். பிறகு, “இடது கை மட்டும்,” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. புரியவைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வேகம் வந்தது. இடது கையை முழுசாக நீட்டிக் காட்டி, இதுதான் சார் எங்க அம்மா, தோளு பொன்னியம்மா அத்தை, பாக்கெட் பச்சையப்பன் மாமா, காஜா சுலைமான் பாய் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பாதியில் போட்டோக்காரர்கள் சத்தம் போட, உதவியாளர் ஒருவர் என்னை முதுகைப் பிடித்து வரிசைக்குத் தள்ளினார். உள்ளே இடமில்லை. ஓரத்தில், சுவேதாவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். சொல்லி முடிக்காததால் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. அதற்குள் எடுத்துவிட்டார்கள்.

படி இறங்கும்போது, உங்கம்மா சூப்பர்வைசர்னு சொன்னியே என்று சுவேதா மெதுவாகக் கேட்டாள். பொய் என்றேன். தெரியும் என்றாள்.

மறுநாள் காலை பேப்பர் வந்தது. இந்த முறை நான் யாரையும் வாங்கச் சொல்லவில்லை, அம்மா சொல்லியிருந்தாள். பொன்னியம்மா அத்தை, பச்சையப்பன் மாமா, சுலைமான் பாய் எல்லாரும் எங்கள் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். படத்தில் அமைச்சர் இருந்தார். ஒன்பது பேர் இருந்தார்கள். படத்தின் இடது ஓரத்தில் வெட்டியிருந்தார்கள். என் முகம் இல்லை, உடம்பு இல்லை, பதக்கமும் இல்லை. ஓரத்திலிருந்து ஒரு கை மட்டும் உள்ளே நீண்டு, சுவேதாவின் பதக்கத்தை மறைத்துக்கொண்டிருந்தது. அதற்காக அவள் அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எனக்கு அழுகை முட்டியது. அமைச்சர் முன்னால் அத்தனை பேசியும் இந்தப் படத்திலும் நான் இல்லை. அம்மாவுக்கு எப்படிக் காட்டுவது என்று பேப்பரை மடிக்கப் பார்த்தேன். அவள் என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். முகங்களை அவள் தேடவில்லை. அந்தக் கையைத் தோளிலிருந்து மணிக்கட்டுவரை விரலால் ஒருமுறை நீவினாள். ஒரு சுருக்கம் இல்லை. பிறகு வாசலில் நின்றிருந்தவர்கள் பக்கம் பேப்பரைத் திருப்பிப் பிடித்தாள். என் அம்மா அப்படி உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை.

“என்னுது,” என்றாள்.